ராணுவப் பல் மருத்துவருக்கான களப் பயிற்சி: எதை முதலில், எப்படிப் பெறுவது

அமெரிக்க ராணுவத்தில் பல் மருத்துவ அதிகாரியாகச் சேருபவர்கள் முதலில் கேட்பது, பாராசூட்டில் குதிக்க வாய்ப்பு உண்டா, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கக் கற்றுக்கொள்ளலாமா என்பதுதான். இரண்டும் முடியும். பல் மருத்துவர் என்பதற்காக யாரும் கதவை மூடுவதில்லை. ஆனால் பயிற்சிகளை வரிசை மாற்றித் தேடுகிறவர்கள் சீருடையில் இரண்டு பேட்ஜ் வாங்கிவிட்டு, காயப்பட்ட ஆள் முன்னால் வந்து படுக்கும்போது கை நடுங்கி நிற்கிறார்கள். களப் பிரிவில் போஸ்டிங் முதலில், உயிர்காக்கும் பயிற்சி அடுத்து, பேட்ஜ் அதற்கும் பிறகு. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

பல் மருத்துவர் ஜெனீவா ஒப்பந்தங்களின்படி மருத்துவப் பணியாளர், அவரைத் தாக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உண்டு. தன்னையும் தன் நோயாளிகளையும் காத்துக்கொள்ள மட்டும் சிறு ஆயுதம் வைத்திருக்கலாம். தாக்குதலில் இறங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே 'போர்ப் பயிற்சி' என்று எங்கே எழுதியிருந்தாலும், உங்களைப் பொறுத்தவரை அதன் பொருள் சுட்டுப் பழகுவது, நகர்வது, வழி கண்டுபிடிப்பது, சுடப்படும் இடத்தில் காயமுற்றவரைக் காப்பாற்றுவது. எதிரியைத் தேடிப் போவது அதில் இல்லை.

இந்தக் கோட்டின் விளிம்பில் நின்றவர் கேப்டன் பென் சாலமன். பல் மருத்துவரான இவர் 1944 ஜூலை 7 அன்று பசிபிக் கடலின் சைபான் தீவில், 105ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டின் 2ஆவது பட்டாலியனுக்கு மருத்துவ அதிகாரியாக நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்த டாக்டர் காயப்பட்டதால் அந்த இடத்தைத் தானே ஏற்றுக்கொண்டவர். சிகிச்சைக் கூடாரத்துக்குள் எதிரிகள் புகுந்தபோது காயமுற்றவர்களை வெளியேறச் சொல்லிவிட்டு, இயந்திரத் துப்பாக்கியில் உட்கார்ந்து கடைசிவரை சுட்டார். மருத்துவப் பணியாளர் ஆயுதம் ஏந்தியது பற்றிய இதே சட்டக் கேள்வியால் அவருக்கான மெடல் ஆஃப் ஹானர் என்னும் நாட்டின் உயரிய வீரப் பதக்கம் பல பத்தாண்டு தள்ளிப்போய் 2002இல்தான் கிடைத்தது. கடற்படையில் அலெக்சாண்டர் லைல், வீடன் ஆஸ்போர்ன் என்ற இரண்டு பல் மருத்துவர்கள் 1918இல் பிரான்சில், குண்டுமழைக்கு நடுவே காயமுற்றவர்களை மீட்டதற்காக அதே பதக்கம் பெற்றார்கள். மூவருமே அன்று செய்தது பல் வேலை இல்லை. அதனால்தான் இந்தப் பயிற்சி.

முதலில் போஸ்டிங்

ராணுவத்தில் பல் மருத்துவருக்குப் பொதுவாக இரண்டு உலகங்கள். ஒன்று முகாமிலுள்ள நிலையான பல் கிளினிக். காலையில் போய், நோயாளிகளைப் பார்த்து, மாலையில் வீடு திரும்பும் வேலை. இன்னொன்று போர்ப் பிரிகேடின் மருத்துவக் கம்பெனி. எல்லோரும் 'சார்லி மெட்' என்று சொல்வது இதைத்தான். பிரிகேடின் சப்போர்ட் பட்டாலியனுக்குள் இருக்கும் இந்தக் கம்பெனிதான் களத்தில் ரோல் 2 எனப்படும் இரண்டாம் நிலைச் சிகிச்சை நிலையத்தை நிறுவுகிறது. இதில் ஒரு பல் மருத்துவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் இடம் உண்டு.

களப் பயிற்சி வேண்டுமென்றால் இரண்டாவது உலகத்தைக் கேளுங்கள். பிரிகேட் பெரும் போர்ப் பயிற்சி மையங்களுக்குப் போகும்போது நீங்களும் போவீர்கள்: கலிஃபோர்னியாவில் ஃபோர்ட் இர்வின் பாலைவனத்திலுள்ள என்.டி.சி., லூசியானாவில் ஃபோர்ட் போல்க் காட்டிலுள்ள ஜே.ஆர்.டி.சி., ஜெர்மனியில் ஹோஹன்ஃபெல்ஸ். அங்கே வாரக்கணக்கில் கூடாரத்தில் தங்கி, நடு இரவில் மொத்த நிலையத்தையும் பிரித்துக் கட்டி நகர்த்தி, போலிக் காயங்களோடு கூட்டமாக வரும் ஆட்களைக் காயத்தின் கடுமைப்படி தரம் பிரிப்பது எந்தப் பள்ளியும் தராத பயிற்சி. பாராசூட் பிரிகேடில் போஸ்டிங் கிடைத்தால் குதிக்கும் பள்ளியில் இடம் கேட்பதற்கு வலுவான காரணமும் கூடவே வந்துவிடும். ஃபோர்ட் பிராகின் 82ஆவது ஏர்போர்ன், இத்தாலியின் விச்சென்சாவிலுள்ள 173ஆவது பிரிகேட், அலாஸ்காவின் 11ஆவது ஏர்போர்ன் ஆகியவை அத்தகையவை.

போஸ்டிங் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது ஊரின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். 'பிரிகேட் பல் மருத்துவர் பதவி' என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். போஸ்டிங் அதிகாரியிடம் பேசும்போது, அந்தப் பிரிகேட் எந்தக் காலத்தில் போர்ப் பயிற்சி மையத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். நீங்கள் சேருவதற்கு முந்தின மாதமே போய்வந்துவிட்டது என்றால் அடுத்த வாய்ப்புக்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டிவரும்.

இதற்கெல்லாம் முன்னால் வரும் அடிப்படை அதிகாரிப் பயிற்சி, சான் அன்டோனியோவின் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் வகுப்பும், கேம்ப் புல்லிஸில் களப் பகுதியுமாக நடக்கிறது. அது அறிமுகம் மட்டுமே. திசைகாட்டியைக் கையில் எடுக்கவும் கூடாரத்தில் தூங்கவும் பழக்கிவிடும், அவ்வளவுதான். அதை முடித்ததும் களத்துக்குத் தயார் என்று நினைத்துவிடாதீர்கள்.

உயிர்காக்கும் பயிற்சி: இதில் சலுகை கிடையாது

டி.சி.சி.சி., அதாவது போர்க்களக் காயச் சிகிச்சை முறை, நான்கு அடுக்காகக் கற்பிக்கப்படுகிறது. எல்லாப் படையினருக்குமான முதல் அடுக்கு 7 மணி நேரம். காம்பாட் லைஃப்சேவர், அதாவது கூடுதல் உயிர்காக்கும் பயிற்சி பெறும் படைவீரருக்கான அடுக்கு 40 மணி நேரம். மூன்றாவது மெடிக்குகள் என்னும் மருத்துவப் படைவீரர்களுக்கு, நான்காவது மருத்துவர் நிலையிலுள்ளவர்களுக்கு. பல் மருத்துவரை முதல் அடுக்கோடு அனுப்பிவிடும் பிரிவுகள் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கம்பெனியில் மெடிக்குகளுக்கு வகுப்பு நடக்கும்போது பெயரைச் சேர்த்துக்கொண்டு அவர்களோடு தரையில் மண்டியிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நாளை அவர்களோடுதான் வேலை செய்யப் போகிறீர்கள்.

பயிற்சியில் எப்போதும் தவறு நேரும் இடங்கள் சில.

டூர்னிகே, அதாவது ரத்தம் நிற்கக் கை, காலை இறுக்கிக் கட்டும் பட்டை: பட்டையை முதலில் கையால் முழுக்க இழுத்து இறுக்காமல் குச்சியைச் சுற்ற ஆரம்பிப்பதுதான் பெரும் தவறு. மூன்று அரைச்சுற்றுக்கு மேல் போகிறது என்றால் பட்டை தளர்வாக இருக்கிறது, அவிழ்த்து மறுபடி இழுங்கள். ரத்தம் நின்றால் மட்டும் போதாது, அதற்குக் கீழே நாடித்துடிப்பும் நின்றிருக்க வேண்டும். கட்டிய நேரத்தை எழுதுங்கள். காயம் தெரிந்தால் அதற்கு 2 முதல் 3 அங்குலம் மேலே. சுடப்படும் நிலையில் காயம் எங்கே என்று பார்க்க முடியாவிட்டால், உடைக்கு மேலேயே கை அல்லது காலின் மேல்நுனியில்.

காயத்துக்குள் திணிக்கும் ரத்தம் உறைய வைக்கும் துணி: ஆழத்தில் ரத்தம் வரும் இடத்தைத் தொட்டுத் திணித்து, 3 நிமிடம் முழு எடையோடு அழுத்த வேண்டும். ஒரு நிமிடத்தில் கையை எடுத்து எட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி திறப்பது: பல் மருத்துவர் மற்றவர்களைவிட முன்னால் நிற்கும் இடம் இது. குரல்வளையின் முன்பக்கத்தில் தைராய்டு குருத்தெலும்புக்கும் அதற்குக் கீழேயுள்ள வளையத்துக்கும் இடையிலான பள்ளத்தை உங்கள் கழுத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் கண்டுபிடியுங்கள். தலையை நிமிர்த்தியும் சாய்த்தும் பாருங்கள், இடம் மாறுவது தெரியும். தோலில் நெடுக்குவாக்கில் வெட்டு, சவ்வில் குறுக்குவாக்கில். குழாய் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தோலுக்கடியில் முன்பக்கமாக நழுவுவதுதான் மிகவும் ஆபத்தான பிழை. அதைத் தடுக்கத்தான் முதலில் பூஜி என்னும் வழிகாட்டிக் கம்பி. அதிக ஆழம் போனால் வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று போகும். வெளிவரும் மூச்சுக்காற்றில் கரியமில வாயு வருகிறதா என்று கருவியால் உறுதி செய்யுங்கள்.

முகக் காயம்: சுயநினைவோடு இருப்பவரை மல்லாக்கப் படுக்க வைப்பது பழக்கதோஷம். அவர் உட்கார்ந்து முன்னால் குனிய விரும்பினால் விடுங்கள். ரத்தமும் எச்சிலும் வெளியே வழியட்டும். கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உடைந்து நாக்கு பின்னால் சரிந்தால் தாடையின் நடுப்பகுதியை முன்னால் இழுத்துப் பிடிப்பது உயிரைக் காக்கும். உடைந்த இடத்தின் இரு பக்கப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டி நிலைப்படுத்துவது உங்களுக்குக் கைவந்த வேலை. டாக்டருக்கும் மெடிக்குக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

இதற்கு அடுத்த படி சி4 எனப்படும் போர்க் காயச் சிகிச்சைப் பயிற்சி. முப்படை அதிகாரிகளும் சேர்ந்து படிக்கும் இந்தப் பயிற்சியைச் சான் அன்டோனியோவிலுள்ள ராணுவ மருத்துவத் தயார்நிலைப் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. களப் பகுதி கேம்ப் புல்லிஸில். தரம் பிரிப்பு, காயமுற்றவரை வெளியேற்றுதல், இருட்டிலும் புகையிலும் வேலை செய்வது என எல்லாம் ஒரே மூச்சில் வரும். வேலையில் சேர்ந்த முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே கேளுங்கள். ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் இதையே எடுங்கள்.

இ.எஃப்.எம்.பி.: மருத்துவர்களுக்கான கடினமான பேட்ஜ்

எக்ஸ்பர்ட் ஃபீல்ட் மெடிக்கல் பேட்ஜ் 1965இல் உருவானது. மருத்துவத் துறையின் எல்லாப் பதவிகளுக்கும் திறந்திருக்கிறது, பல் மருத்துவருக்கும்தான். இதற்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பேட்ஜ் இல்லாமல்தான் திரும்புகிறார்கள். முதல் சில நாள் செயல்முறைகளைக் காட்டிக் கொடுப்பார்கள், பிறகு தேர்வு. எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, பகலிலும் இரவிலும் வரைபடம் வைத்து வழி கண்டுபிடித்தல், போர்ச்சூழல் பாதைகளில் காயச் சிகிச்சை, வெளியேற்றம், படைவீரர் திறன்கள், கடைசியில் 12 மைல் நடை. துப்பாக்கிச் சுடுதல் தகுதியும் சி.பி.ஆர். சான்றும் காலாவதியாகாமல் கையில் இருக்க வேண்டும்.

மருத்துவ அறிவு போதாமல் தோற்கும் பல் மருத்துவர்கள் குறைவு. வரிசை தவறுவதால்தான் தோற்கிறார்கள். ஒவ்வொரு செயலுக்கும் படிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன, மதிப்பெண் அந்தப் படிகளுக்குத்தான். கட்டாயப் படி ஒன்று விட்டுப்போனால், சிகிச்சை எவ்வளவு நன்றாக இருந்தாலும் 'நோ கோ', அதாவது தோல்வி. எனவே படிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையால் செய்து பழகுங்கள். இரண்டு பேராகப் பழகுங்கள்: ஒருவர் செய்ய, மற்றவர் தாளைப் பார்த்து டிக் அடிக்க.

ஹெலிகாப்டர் கேட்கும் 9 வரி வேண்டுகோளை நினைவிலிருந்து சொல்லத் தெரிய வேண்டும். முதல் ஐந்து வரி: இடம், ரேடியோ அலைவரிசையும் அழைப்புப் பெயரும், அவசர வரிசைப்படி நோயாளிகள் எண்ணிக்கை, தேவைப்படும் சிறப்புக் கருவி, படுத்தவர் எத்தனை நடப்பவர் எத்தனை. இந்த ஐந்தும் போய்ச் சேர்ந்தாலே ஹெலிகாப்டர் கிளம்பலாம், மீதி நான்கை வழியில் சொல்லலாம். ரேடியோவில் ஒன்பதையும் ஒரே மூச்சில் சொல்ல முயன்று நடுவில் திக்குவதைவிட, ஐந்தைத் தெளிவாகச் சொல்லி நிறுத்துவது மேல்.

வழி கண்டுபிடிப்பு, குறிப்பாக இரவு வழி, நிறைய பேரை வீட்டுக்கு அனுப்பும் கட்டம். பல் மருத்துவருக்கு நாள் முழுவதும் வேலை நடப்பது சில அங்குல இடத்தில்தான், காட்டில் கிலோமீட்டர் கணக்கில் யோசிக்கத் தனியாகப் பழக வேண்டும். கீழே உள்ளவற்றைத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

1. 1:50,000 வரைபடத்தில் 8 இலக்க ஆயம் (இடத்தைக் காட்டும் எண்) குறித்துப் பழகுங்கள். 8 இலக்கம் என்றால் 10 மீட்டர் துல்லியம், 6 இலக்கம் என்றால் 100 மீட்டர். தினமும் மதிய இடைவேளையில் பத்துப் புள்ளி குறித்தால் போதும், கை பழகிவிடும்.

2. உங்கள் நடையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்கு இடது கால் எத்தனை முறை தரையில் படுகிறது? பலருக்கு 60இலிருந்து 70க்குள் வரும். சமதரையில், மேட்டில், இரவில், முதுகில் சுமையோடு என்று நான்கு தடவை அளந்து நான்கு எண்ணையும் எழுதி வையுங்கள். நான்கும் ஒன்றாக இருக்காது.

3. வரைபட வடக்குக்கும் காந்த வடக்குக்குமான கோண வித்தியாசத்தை மறக்காதீர்கள். கிழக்கு 6 பாகை என்றால் வரைபடக் கோணத்திலிருந்து 6ஐக் கழித்தால்தான் திசைகாட்டிக் கோணம். கழிக்க மறந்தால் 1 கிலோமீட்டர் நடந்த பிறகு சுமார் 105 மீட்டர் விலகி நிற்பீர்கள். இரவில் அந்த விலகலில் புள்ளி கண்ணிலேயே படாது.

4. திசைகாட்டி பார்க்கும்போது துப்பாக்கியிலிருந்து அரை மீட்டராவது, வண்டியிலிருந்து 18 மீட்டராவது, உயர் மின்னழுத்தக் கம்பியிலிருந்து 55 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். துப்பாக்கியை மார்பில் தொங்கவிட்டபடியே கோணம் பார்ப்பது நாம் அடிக்கடி காணும் பிழை.

5. இரவில் புள்ளியை நோக்கி நேராகப் போகாதீர்கள். அருகிலுள்ள சாலை வளைவு, ஓடைச் சந்திப்பு போன்ற பெரிய அடையாளத்துக்கு முதலில் போய், அங்கிருந்து குறைந்த தூரத்தை மட்டும் கோணம் பிடித்து நடங்கள்.

12 மைல், 3 மணி நேரம்

12 மைல் என்பது 19 கிலோமீட்டருக்கு மேல். சுமை சுமார் 35 பவுண்ட், அதாவது 16 கிலோ. கணக்குப்படி மைலுக்குச் சரியாக 15 நிமிடம். ஆனால் 15 நிமிட வேகத்துக்குப் பழகினால் சாக்ஸ் மாற்ற, தண்ணீர் நிரப்ப நேரம் இருக்காது. 14 நிமிட வேகத்துக்குப் பழகுங்கள், 12 நிமிடம் கையில் மிஞ்சும்.

சுமை நடை வாரம் ஒரு தடவை மட்டும். முதல் இரண்டு வாரம் 4 மைல், 20 பவுண்ட். அடுத்த இரண்டு வாரம் 6 மைல், 25 பவுண்ட். ஐந்தாம் ஆறாம் வாரம் 8 மைல், 35 பவுண்ட். ஏழாம் வாரம் 6 மைலுக்குக் குறைத்து உடம்பை ஆற விடுங்கள். எட்டாம் வாரம் 10 மைல், ஒன்பதாம் வாரம் 12 மைல் கடிகாரத்தோடு, பத்தாம் வாரம் இலேசாக 4 மைல். மீதி நாட்களில் இரண்டு அல்லது மூன்று ஓட்டம், இரண்டு நாள் எடைப் பயிற்சி. வாரத்தில் மூன்று நாள் சுமை தூக்கி நடந்தால் சீக்கிரம் தேறலாம் என்று நினைப்பவர்கள் முழங்கால் கீழெலும்பில் விரிசலோடு வந்து நிற்பார்கள்.

தண்ணீர் மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் குடிக்காதீர்கள், நாளுக்கு 11 லிட்டருக்கு மேல் போக வேண்டாம். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதை வெப்பச் சோர்வு என்று தவறாக நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து. பாதி வழியில் சாக்ஸை மாற்றுங்கள். குதிகாலில் சூடு தட்டுவதுபோல் இருந்தாலே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பயனில்லை.

பல் மருத்துவர் கவனிக்க வேண்டிய தனி விஷயம் ஒன்று: தோள்பட்டை நரம்பு. முதுகுப்பையின் பட்டை தோளை அழுத்தி, கைக்குப் போகும் நரம்புக் கற்றையை நசுக்கினால் கை மரத்துப்போகும், தோளைத் தூக்க முடியாது, சிலருக்கு முதுகில் தோள் எலும்பு சிறகுபோல் துருத்தும். இது நாட்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் நீடிக்கலாம். அந்தக் கையால் ஹேண்ட்பீஸ் (பல் துளைக்கும் கருவி) பிடிக்க முடியாது. சட்டகம் உள்ள பையை எடுங்கள், இடுப்புப் பட்டையை இறுக்கி எடையில் பெரும்பகுதியை இடுப்புக்கு மாற்றுங்கள், கனமான பொருளைத் தோள்பட்டைக்கு நடுவே முதுகை ஒட்டி வையுங்கள். விரல் மரத்தால் உடனே பட்டையைத் தளர்த்துங்கள், 'முடியும் வரை தாங்கிக்கொள்வோம்' என்பது இதற்குப் பொருந்தாது. ஏற்கெனவே நோயாளி மேல் குனிந்து குனிந்து கழுத்து வலி உள்ளவர்கள் சுமை நடையைத் தொடங்குமுன் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

ஏர் அசால்ட்டும் ஏர்போர்னும்

ஏர் அசால்ட், அதாவது ஹெலிகாப்டர் வேலை கற்பிக்கும் பள்ளிகளில் பேர் பெற்றது கென்டக்கியின் ஃபோர்ட் கேம்பல். முதல் நாளுக்கு 'டே ஸீரோ' என்று பெயர்: தடைப்பாதை, 18 நிமிடத்துக்குள் 2 மைல் ஓட்டம். அதைத் தாண்டினால் பத்து நாள். 90 நிமிடத்தில் 6 மைல் சுமை நடை, முடிவில் 12 மைல். பொருள் பட்டியலைப் பரிசோதிப்பார்கள். பட்டியலில் உள்ள ஒரு பொருள் இல்லாவிட்டாலும் வீட்டுக்குத்தான். ஆகவே அளவு தவறிய ஒரு ஜோடி சாக்ஸுக்காகக்கூடப் பட்டியலை மூன்று முறை சரிபாருங்கள்.

நடுக் கட்டத்தில் ஹெலிகாப்டருக்கு அடியில் தொங்கவிடும் சரக்கைப் பரிசோதிக்கும் தேர்வு வருகிறது. ஒவ்வொரு சரக்கிலும் 4 குறைகள் ஒளித்து வைத்திருப்பார்கள், 2 நிமிடத்தில் 3ஐக் கண்டுபிடிக்க வேண்டும். உடல் வலுவுள்ள பலர் இங்கே விழுகிறார்கள். பல் மருத்துவருக்கு ஒழுங்குமுறையாகப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது: வாயை ஒரு மூலையிலிருந்து தொடங்கி மறுமூலை வரை விடாமல் பார்ப்பதுபோல, சரக்கையும் எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே திசையில், கையால் தொட்டுக்கொண்டே சுற்றுங்கள். பிறகு கயிற்றில் இறங்கும் கட்டம். கயிற்று இருக்கையை 90 விநாடியில் கட்ட வேண்டும். தடித்த தோல் கையுறை இல்லாமல் கயிற்றைத் தொடாதீர்கள், கயிறு உரசிய விரல்களோடு வாரக்கணக்கில் நோயாளி பார்க்க முடியாது.

ஏர்போர்ன் என்னும் பாராசூட் பயிற்சி ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் மூன்று வாரம்: தரை, கோபுரம், குதிப்பு. 5 குதிப்பு முடித்தால் பேட்ஜ். தரையிறங்கும்போது பாதத்தின் முன்பகுதி, கெண்டைக்கால், தொடை, புட்டம், முதுகின் பக்கம் என்று ஐந்து இடம் வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். கால்களும் முழங்கால்களும் ஒட்டியிருக்க வேண்டும். தரை நெருங்கும்போது கையை நீட்டித் தாங்க நினைப்பது இயல்பு. அப்படித்தான் மணிக்கட்டு உடைகிறது. முதல் வாரம் மண்குழியில் நூற்றுக்கணக்கில் விழவைப்பது இந்த இயல்பை மாற்றத்தான். சலிப்பாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் முழு மனதோடு செய்யுங்கள்.

குதிக்கும் பதவியில் இல்லாத பல் மருத்துவருக்கு ஏர்போர்ன் இடம் கிடைப்பது கடினம். ஏர் அசால்ட் அந்த அளவுக்கு இல்லை. பள்ளி உங்கள் முகாமிலேயே இருந்தால் டே ஸீரோவில் காலியாகும் இடங்களுக்குக் காத்திருப்போர் வரிசையில் நிற்கலாம். உடற்பரிசோதனைத் தாள், கமாண்டர் கையெழுத்து இரண்டையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால்தான் அந்த வரிசை பயன்படும்.

கடற்படையும் விமானப்படையும்

கடற்படைப் பல் மருத்துவருக்குக் களம் என்றால் மரீன் படைதான். கேம்ப் பெண்டில்டன், கேம்ப் லெஜூன், ஒகினாவா ஆகிய இடங்களில் முறையே 1, 2, 3ஆவது டென்டல் பட்டாலியன்கள் இருக்கின்றன. அங்கே போஸ்டிங் வாங்கி, ஃப்ளீட் மரீன் ஃபோர்ஸ் தகுதி அதிகாரி பேட்ஜுக்குப் படியுங்கள். மரீன்களின் அமைப்பு, ஆயுதம், களத்திட்டம் எல்லாம் அந்தப் பாடத்தில் வரும், கடைசியில் குழு முன் வாய்மொழித் தேர்வு. கலிஃபோர்னியாவின் பிரிட்ஜ்போர்ட்டில் மலைப்போர்ப் பயிற்சி மையம் நடத்தும் குளிர்கால மருத்துவப் பயிற்சியும் கேட்கத் தகுந்தது.

விமானப்படையில் இ.மெட்ஸ் என்னும் கூடார மருத்துவமனை அணியில் பல் மருத்துவருக்கு இடமுண்டு. அந்த அணியின் பயிற்சிப் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்வதே நேர்வழி.

எந்தப் படையில் இருந்தாலும் விடுப்பு அதிகம் கேட்காமல் கிடைப்பவை இரண்டு. நார்வே நடைப் பேட்ஜுக்கு 11 கிலோ சுமையோடு 30 கிலோமீட்டர், வயதுக்கேற்ற நேர வரம்புக்குள். ஜெர்மன் தகுதிப் பேட்ஜுக்கு 100 மீட்டர் சீருடையோடு 4 நிமிடத்துக்குள் நீச்சல், ஓட்டம், தொங்குதல், கைத்துப்பாக்கி, முதலுதவி, 15 கிலோ சுமை நடை. தங்க நிலைக்கு 12 கிலோமீட்டர் 120 நிமிடத்தில். நீச்சல் தெரியாதவர்கள் இதிலேயே கழன்றுவிடுகிறார்கள்.

இடம் கேட்கும் முறை

கம்பெனியில் பள்ளி இடங்களைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜென்ட் ஒருவர் இருப்பார். கமாண்டரைவிட முதலில் அவரைப் பாருங்கள். எந்த மாதம் எத்தனை இடம் என்பது அவருக்குத்தான் தெரியும். டி.ஏ. 4187 என்னும் கோரிக்கைப் படிவம், நடப்பு ஏ.எஃப்.டி. உடற்தகுதி மதிப்பெண், மருத்துவப் பரிசோதனைத் தாள் மூன்றையும் ஒரே கோப்பில் கொடுங்கள். ஒன்று விட்டுப்போனால் கோப்பு அடியில் போய்விடும்.

பல் கிளினிக் தலைவர் மறுப்பது பெரும்பாலும் பகையால் இல்லை. இரண்டு வாரம் நீங்கள் இல்லையென்றால் எத்தனை பேர் பல் தகுதி வகுப்பு 3இலேயே நின்றுவிடுவார்கள் என்பது அவர் கவலை. வகுப்பு 3 என்றால் 12 மாதத்துக்குள் அவசரம் வரக்கூடிய வாய், அந்த வீரரைப் போர்முனைக்கு அனுப்ப முடியாது. அதனால் குறைந்தது மூன்று மாதம் முன்பே கேளுங்கள். பிரிகேட் கிளம்பும் சமயத்தைத் தவிர்த்து, உங்கள் வகுப்பு 3 நோயாளிகளை யார் பார்ப்பார்கள் என்று பெயரோடு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும்.

கூடாரத்தில் பல் வேலை

களத்தில் தினசரி வருவது பெரிய காயமல்ல. ஞானப்பல் ஈறு வீக்கம், பல் நரம்பு வலி, விழுந்த அடைப்பு, உடைந்த பல். இவற்றுக்கான களப்பெட்டியை முகாமில் இருக்கும்போதே ஒரு முறை முழுக்கக் கூடாரத்தில் விரித்துப் பாருங்கள். கிளினிக் மேசையில் வேலை செய்த கருவி, மண் தரையில் ஜெனரேட்டர் மின்சாரத்தில் வேலை செய்யாமல் போகலாம்.

அடிக்கடி நடப்பது: கம்ப்ரசரையும் ஆட்டோகிளேவையும் (கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் பெட்டி) ஒன்றாகப் போட்டு ஜெனரேட்டர் அணைந்துவிடுவது. கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். முதலில் கம்ப்ரசர் ஓடி அழுத்தம் நிரம்பட்டும், அது நின்ற பிறகு ஆட்டோகிளேவ். இரவில் ஸ்டெரிலைஸ் செய்து பகலில் நோயாளி பார்ப்பது இன்னும் பாதுகாப்பு. 121 பாகை செல்சியஸ், 15 பி.எஸ்.ஐ. சுழற்சியில் சோதனைப் பட்டையின் நிறம் மாறியதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மணல் அடைத்த வடிகட்டியால் அழுத்தம் ஏறாமலே சுழற்சி முடிந்திருக்கலாம்.

மரப்பு ஊசி மருந்தை 25 பாகைக்கு மேல் விடாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் உள்ளே வைத்த எபிநெஃப்ரின் கலந்த மருந்து வலுவிழந்து, இரண்டு ஊசி போட்டும் மரக்காது. நீங்கள் உங்கள் கையைச் சந்தேகிப்பீர்கள். காம்போசிட் என்னும் பல்நிற அடைப்புப் பொருள் சூட்டில் இளகி வழியும், குளிரில் இறுகிவிடும். சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றலாம். அதைவிடக் களத்தில் கையால் கலக்கும் கண்ணாடி அயனோமர் அடைப்பு நம்பகமானது. ஹேண்ட்பீஸுக்குச் சுத்திகரித்த தண்ணீர் தனி பாட்டிலில்.

போர்ப் பயிற்சி இல்லாத மாதங்களில் வாரம் குறைந்தது மூன்று நாளாவது நிலையான கிளினிக்கில் வேலை செய்ய ஏற்பாடு கேளுங்கள். பிரிகேடில் போய்ச் சேரும் முதல் வாரத்திலேயே, கமாண்டரும் கிளினிக் தலைவரும் இருக்கும்போது, எந்த நாட்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிகேட் கூட்டங்களும் அறிக்கைகளும் அந்த நாட்களைத் தின்றுவிடும், பிறகு கேட்டால் யாருக்கும் நினைவு இருக்காது.